முடிந்துவிட்டான் என்று சொல்பவர் யார்?



1868ஆம் ஆண்டு ஐப்பசி மாதம் 19ஆம் நாள் பாரிஸ் நகரில் ஓர் அறிஞர் பாரிசவாதத்தினால் தாக்குண்டார். அப்போது அவருக்கு வயது 45. உடலின் இடப்பக்கம் முழுவதும் அசைவற்றுப் போயிற்று. அவர் பிழைக்க மாட்டார் என்றே பலரும் நினைத்தனர். அவ்வேளையில் அரசாங்கம் அவருக்கெனப் புதிய ஆய்வுகூடம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தது. நோய்ச் செய்தி பரவியதும் அந்தக் கட்டட வேலை நின்றுவிட்டது. சாகப் போகிறவருக்கு ஆய்வுகூடம் எதற்கு என்று எண்ணினார்கள் போலும்.

வேலை நின்றுவிட்ட செய்தி படுக்கையில் கிடந்தவருக்குத் தெரியவந்தபோது அவர் மனம் புண்பட்டது. தாம் இன்னும் உயிரோடிருக்கையிலேயே தம்மைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்பது அவருக்கு விளங்கிற்று. நண்பர்கள் மூலம் இச்செய்தி பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் காதுக்கு எட்டியது. வேலையைத் தொடரும்படி கட்டளை பிறந்தது.

அந்த நோயாளிதான் லூயி பாஸ்டர். நோய் கண்ட ஒரு வாரத்திற்குள்ளேயே, பட்டுப்புழுக்களின் நோய் பற்றிய ஓர் அறிக்கையைப் படுக்கையில் கிடந்தபடி அவர் சொல்ல, உதவியாளர் எழுதினார். மூன்று மாதங்கள் கழிந்து, முழுமையாகக் குணமடையாத நிலையிலேயே, ஆய்வைத் தொடரத் தென் பிரான்சுக்குப் பயணமானார். இடக்கையின் விறைப்பும் காலை இழுத்து நடக்கும் நடையும் அவரை விட்டு என்றுமே நீங்கவில்லை. ஆயினும் ஆடுமாடுகளைக் கொன்ற அந்திராக்ஸ் நோய்க்கான தடுப்பூசியை 1881ஆம் ஆண்டு அவர் ஊரறியச் சோதித்துக் காட்டியதும், விசர்நாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு 1885ஆம் ஆண்டு ஆடி மாதம் அவருடைய தடுப்பு மருந்து ஏற்றப்பட்டதும் இந்த நோய்க்குப் பின்னரே. இன்று உலகம் அவர் பெயரோடு சேர்த்து நினைக்கும் தடுப்பூசிகள் யாவும், "முடிந்துவிட்டார்" என்று பிறர் தீர்மானித்த மனிதரிடமிருந்தே வந்தன.

இங்கே நான் பாஸ்டரின் பெருமையைப் பேச வரவில்லை. நோயிலிருந்து எழும் எல்லோரும் பாஸ்டர் ஆவதுமில்லை. நின்றுபோன அந்தக் கட்டட வேலையைப் பற்றியே உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். உயிரோடிருக்கும் ஒரு மனிதனை, இளம் வயதில் விழுந்துவிட்ட ஒரு மனிதனை, முடிந்துவிட்டான் என்று தீர்ப்பிடும் உரிமை யாருக்கு உண்டு? அந்தத் தீர்ப்பை நாம் நமது வீடுகளில், அதுவும் அன்பின் பெயரால், வழங்கிக்கொண்டிருக்கிறோமோ?

முதலில் இந்த நோயை அறிந்துகொள்வோம். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயொன்று அடைபட்டாலும் அல்லது வெடித்து இரத்தம் கசிந்தாலும், அப்பகுதியின் உயிரணுக்கள் சில நிமிடங்களிலேயே மடியத் தொடங்குகின்றன. இதுவே பாரிசவாதம். மூளையின் இடப்பாகம் உடலின் வலப்பக்கத்தை ஆளுகின்றது. வலப்பாகம் இடப்பக்கத்தை ஆளுகின்றது. பெரும்பாலானோருக்கு மொழியை ஆளும் இடங்கள் இடப்பாகத்திலேயே அமைந்துள்ளன. ஆதலால் வலக்கை விழுந்தவருக்குப் பலவேளைகளில் பேச்சும் சேர்ந்தே விழுந்துவிடுகின்றது.

இதனை வயோதிபரின் நோயென்றே நம்மவர் எண்ணுகின்றனர். உண்மையில் பாரிசவாதம் காண்போரில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையானோர் 50 வயதைத் தாண்டாதவர்கள். கவனியாது விட்ட பிரஷர், சலரோகம், புகைத்தல், சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் கெடுத்துவிட்ட இருதய வால்வு, கழுத்து இரத்தக் குழாயில் ஏற்படும் கிழிவு, பிறப்பிலிருந்தே மூளையில் பின்னிக்கிடக்கும் இரத்தக் குழாய் முடிச்சு எனக் காரணங்கள் பல. சிலருக்கு எவ்வளவு தேடியும் காரணம் அகப்படுவதில்லை.

முதியவரை இந்நோய் தாக்கும்போது பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள். இளையவரைத் தாக்கும்போது பிள்ளை பாலர் பாடசாலையில் இருக்கும்; வீட்டுக் கடன் பாதி கட்டாமல் இருக்கும்; மனைவிக்கு முப்பது வயது தாண்டியிராது. அந்த நோயாளி இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் இந்த உடலோடு வாழவேண்டியவர். ஆகவே அவரைப் பராமரிப்பது எப்படி என்ற கேள்வியோடு மாத்திரம் நாம் நின்றுவிட முடியாது. அவரோடு வாழ்வது எப்படி என்பதையும் கேட்டாக வேண்டும்.

இனி என் சொந்தத் தவறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நான் பணிபுரிந்த பங்கில் தச்சுத் தொழிலாளி ஒருவர் இருந்தார். வயது 38. ஒருநாட் காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் விழுந்துவிட்டார். வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த சில வாரங்களின் பின் அவரைப் பார்க்கப் போனேன். விறாந்தையில் கட்டில் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். உறவினர் நாலைந்து பேர் சூழ இருந்தனர்.

"சுவாமி வந்திருக்கிறார், பாருங்கோ" என்றார் மனைவி. அவர் என்னைக் கண்டதும் தலையை உயர்த்த முயன்றார். ஏதோ சொல்ல எத்தனித்தார். "ளி... ளி..." என்ற ஒலி மட்டுமே வந்தது.

"என்ன தம்பி, வலிக்குதோ?" என்று கேட்டேன்.

அவர் தலையை அசைத்தார். மறுபடியும் "ளி" என்றார். "வலிதான் சுவாமி, இரவிலையும் இப்பிடித்தான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். "அவருக்கு ஒண்டும் விளங்காது சுவாமி, நீங்கள் செபிச்சுப்போட்டு வாங்கோ" என்றார் இன்னொருவர். நானும் அவருடைய நெற்றியில் கைவைத்து, வேதனையைத் தாங்கும் பலத்துக்காகச் செபித்தேன். செபம் முடிந்து கண்திறந்தபோது அவர் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தது. பக்தியினால் உருகுகின்றார் என்று எண்ணிக்கொண்டு, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் சொல்ல முயன்ற சொல் வலியன்று என்பதைக் கண்டுபிடித்தது அவருடைய எட்டு வயது மகள். பாடசாலை விட்டு வந்ததும் தகப்பனின் கட்டிலில் ஏறியிருந்து, ஒவ்வொரு பொருளாகப் பெயர் சொல்லிக் கேட்பது அவளுக்கு ஒரு விளையாட்டுப் போலாயிற்று. தண்ணியோ, தலகாணியோ, விசிறியோ என்று கேட்டுக் கேட்டுச் சலித்த பிறகு தன் கொப்பியையும் பென்சிலையும் அவருடைய இடக்கையில் கொடுத்தாள். அவர் கோணல் மாணலாக ஒரு பிடியும் அதன் நுனியில் ஓர் அலகும் வரைந்தார். "அம்மா, அப்பா உளியைத் தேடுறார்!" என்று அவள் கத்தினாளாம்.

உளி அப்போது வீட்டில் இல்லை. உளிகள், சீவுளி, வாள் எல்லாவற்றையும் குடும்பத்தார் முந்திய வாரமே விற்றிருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் வாகனச் செலவு அவர்களை நெருக்கியது. இனி இவருக்கு ஆயுதம் எதற்கு என்ற எண்ணமும் இருந்தது. விற்பனைப் பேச்சு அவருடைய கட்டிலின் கால்மாட்டில்தான் நடந்தது. அவருக்கு ஒன்றும் விளங்காது என்று எல்லோரும் நம்பினார்கள். ஒவ்வொரு சொல்லும் அவருக்கு விளங்கிற்று. மறுமொழி சொல்ல நாக்கு இல்லை. குருவானவர் வந்தபோது அவரிடமாவது முறையிடலாம் என்று எண்ணினார். குருவானவரோ "வலிக்குதோ?" என்று கேட்டார்.

வாசகர்களே, அந்த வீட்டாரை நான் குற்றம் சொல்லமாட்டேன். "சுவாமி, சொல்வது எளிது, உழைக்கிறவன் விழுந்தால் அடுப்பு எரிய வேண்டாமா?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. வறுமையினால் ஒருவன் தன் ஆயுதத்தை விற்க நேரிடுவது பாவமன்று. ஒருவேளை அவரிடமே கேட்டிருந்தால், "வாளை விற்றுவிட்டு உளியை வைத்திருங்கள்" என்று அவரே தலையசைத்துச் சொல்லியிருப்பார். அவரைக் கேட்காமலே, அவர் இருக்கும்போதே, அவர் இல்லாதவர் போல் முடிவு செய்தார்களே, அங்கேதான் பிழை. என் பிழையும் அதுதான். அவருடைய சொல்லுக்காக ஐந்து நிமிடம் காத்திருக்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. என் சொல்லை அவருடைய வாயில் வைத்துவிட்டு அதற்காகச் செபித்தேன்.

இந்தப் பிழையின் வேர் எங்கே இருக்கின்றது? ஒரு மனிதனின் மதிப்பை அவனுடைய செயலைக் கொண்டே அளக்கும் பழக்கத்தில் என்பேன். "என்ன செய்கிறீர்கள்?" என்பதே புதியவர் ஒருவரிடம் நாம் முதலில் கேட்கும் கேள்வி. உழைக்கிறான், பேசுகிறான், நாலுபேருக்கு உதவுகிறான். ஆகவே அவன் மனிதன். உழைப்பும் பேச்சும் நின்றால்? அன்பு காட்டுவோம், சோறூட்டுவோம். ஆனால் உள்ளூர அவனுடைய இடத்தை அழித்துவிடுவோம்.

குருமடத்தில் மெய்யியல் கற்ற நாட்களில் அரிஸ்தோத்தில் வகுத்த ஒரு வேறுபாட்டை எங்களுக்குப் போதித்தார்கள். ஆற்றல் வேறு, அந்த ஆற்றலின் செயற்பாடு வேறு. கணித மேதை உறங்கும்போது கணக்குப் போடுவதில்லை. அதனால் அவன் கணிதம் அறியாதவன் ஆகிவிடுவானா? புனித தோமஸ் அக்குவினாஸ் இன்னும் ஆழமாகச் சென்றார். ஆன்மா உடலின் ஓர் உறுப்பில் மட்டும் குடியிருப்பதன்று. முழு உடலிலும் அதன் ஒவ்வொரு பாகத்திலும் அது முழுமையாக இருக்கின்றது என்பது அவருடைய போதனை. அப்படியானால் விழுந்த கையோடு மனிதனின் ஒரு பகுதி போய்விடுவதில்லை. கை செயல்படவில்லை, அந்தக் கைக்குரியவன் முழுமையாக அங்கேயே இருக்கின்றான். 18ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மெய்யியலாளர் கான்ற், வேறு வழியால் இதே இடத்தை அடைந்தார். விலையுள்ள பொருளுக்குப் பதில் இன்னொன்றை வைக்கலாம். மனிதனுக்கு உள்ளது மாண்பு, அதற்கு ஈடாக எதையும் வைக்க முடியாது என்றார். தச்சனின் உழைப்புக்கு ஈடாக வேறொருவரின் உழைப்பைப் பெறலாம். அந்தத் தச்சனுக்கு ஈடாக யாரைப் பெறுவது?

இது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். இன்றைய மருத்துவமும் இதனோடு ஒத்துப்போகும் ஓர் உண்மையைக் கண்டுள்ளது. எட்வர்ட் டவுப் என்னும் அமெரிக்க உளவியலாளர் செயலிழந்த கைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். நோய் கண்ட ஆரம்பத்தில் நோயாளி விழுந்த கையைப் பயன்படுத்த முயன்று தோற்கின்றான். நல்ல கையால் எல்லாவற்றையும் செய்யப் பழகுகின்றான். பின்னர் மூளை ஓரளவு தேறி, அந்தக் கைக்குச் சிறிது வலு திரும்பிய பிறகும் அவன் அதனை அசைப்பதே இல்லை. கை முடியாமற் கிடக்கவில்லை, கேட்பாரில்லாமற் கிடக்கின்றது. சற்றேனும் அசைவு மீந்துள்ள இத்தகைய நோயாளருக்கு ஒரு சிகிச்சை உண்டு. வைத்தியர் மேற்பார்வையில், ஏறக்குறைய இரண்டு வாரம் நல்ல கைக்கு உறையிட்டு அதனைத் தடுத்துவைப்பார்கள். பலவீனமான கையைக் கொண்டே நாள்தோறும் பல மணிநேரம் பயிற்சி செய்விப்பார்கள். கை மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்புகின்றது. மடிந்த உயிரணுக்கள் உயிர் பெறுவதில்லை; மூளையின் அயற்பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. இந்தத் தேறுதல் முதல் மூன்று மாதங்களில் விரைவாக நடக்கும். அதன் பின்னரும் ஆண்டுக்கணக்கில் மெதுவாகத் தொடரக்கூடும்.

கேட்கப்படாத கை செயலற்றுப் போகின்றது என்றால், கேட்கப்படாத மனிதனின் கதி என்ன? சட்டையை நாமே மாட்டிவிடுகின்றோம், கோப்பையை நாமே வாயில் வைக்கின்றோம், சொல்லை நாமே முடித்துவிடுகின்றோம். எல்லாம் இரக்கத்தினால்தான். அந்த இரக்கமே நின்றுபோன கட்டடமாகிவிடுகின்றது.

இதற்கு மாறாக நடந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் மூளையை ஆராயும் விஞ்ஞானியாக இருந்தவர் ஜில் போல்ட் டெய்லர். 1996ஆம் ஆண்டு மார்கழி 10ஆம் நாள் காலை, தமது 37ஆம் வயதில், அவருடைய மூளையின் இடப்பாகத்தில் இரத்தக் குழாய் வெடித்தது. உதவி கேட்டுத் தொலைபேசி எடுக்க முயன்றார். விலாச அட்டையில் இருந்த எண்கள் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன. வடிவத்துக்கு வடிவம் ஒப்பிட்டு எப்படியோ அழைத்தும் விட்டார். வாய் திறந்தபோது சொல் வரவில்லை. மறுமுனையில் இருந்த சக ஊழியர் அந்தக் குழறலைக் கேட்டு, ஆபத்தை உணர்ந்து உதவிக்கு விரைந்தார்.

ஜில் பிழைத்தார்; சத்திரசிகிச்சை மூலம் இரத்தக்கட்டி அகற்றப்பட்டது. ஆனால் நடை, எழுத்து, எண் எல்லாம் குழந்தைபோல் முதலிலிருந்து தொடங்கவேண்டியதாயிற்று. அவருடைய தாயார் வந்து உடனிருந்தார். "ஆம்", "இல்லை" என்று தலையசைத்துத் தப்பிவிடக்கூடிய கேள்விகளை அந்தத் தாய் கேட்பதில்லை. மதிய உணவுக்கு என்ன வேண்டும் என்று இரண்டு மூன்று உணவின் பெயரைச் சொல்லி, மகள் ஒவ்வொன்றும் என்னவென்று தன் நினைவில் தேடிப்பிடிக்கும்வரை காத்திருப்பார். ஒருநாள் சூரை மீன் சாலட் என்பது எதுவென்று மகளுக்கு எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. அப்படியானால் இன்றைக்கு அதுவே உணவு என்றார் தாய்! மகள் களைத்தபோது உறங்க விட்டார். எழுந்ததும் மறுபடி தொடங்கினார். முழுமையாகத் தேற எட்டு ஆண்டுகள் சென்றன. பின்னர் ஜில் தமது அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். பிறர் உரத்துக் கத்திப் பேசியது உதவவில்லை என்றும், முகம் பார்த்து மெதுவாகப் பேசி, மறுமொழிக்குக் காத்திருந்தவர்களே உதவினார்கள் என்றும் அதில் விளக்குகிறார்.

இதைப் படித்துவிட்டு, "முயன்றால் எல்லோரும் எழலாம், எழாதவன் முயலாதவன்" என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. அது முதற் பிழையிலும் கொடிய பிழை. எவ்வளவு மூளை கெட்டது, எந்த இடத்தில் கெட்டது என்பது நோயாளியின் மனவுறுதிக்கு உட்பட்டதன்று. நோய் கண்டோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பீடிக்கின்றது. அது மூளையில் ஏற்பட்ட காயத்தின் விளைவாகவும் இருக்கக்கூடும். சிலர் காரணமின்றி அழுவார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலர் சட்டென்று சினப்பார்கள். உறக்கத்தாலும் தீராத ஒரு களைப்பு மாதக்கணக்கில் இருக்கும். வெளிப்பார்வைக்கு நன்றாக நடக்கும் இளைஞன் ஒருவன் பின்னேரம் நாலு மணிக்குமேல் ஒரு பக்கம் வாசிக்க முடியாமல் தவிப்பான். அவனைச் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். அவனுடைய மூளை நம்முடையதைவிட இரட்டிப்பாக உழைத்துக் களைத்திருக்கின்றது.

எழவே முடியாதவரைப் பற்றி என்ன சொல்வோம்? அவருக்கும் ஒரு சாட்சி உண்டு. ஜோன் தொமினிக் போபி என்பவர் பாரிசில் வெளியாகும் 'எல்' என்ற பெண்கள் சஞ்சிகையின் பிரதம ஆசிரியர். என்னைப் போல் பத்திரிகைத் தொழில் செய்தவர். வயதும் என் வயதை ஒத்ததே. 1995ஆம் ஆண்டு மார்கழி 8ஆம் நாள், தமது 43ஆம் வயதில், மூளைத்தண்டில் பாரிசவாதம் கண்டு, ஏறக்குறைய மூன்று வாரம் நினைவிழந்து கிடந்தார். விழித்தபோது அறிவு முழுமையாகத் தெளிந்திருந்தது. உடலோ முற்றாகச் செயலிழந்திருந்தது. தலையைச் சிறிது திருப்பவும் இடக்கண் இமையை மூடித் திறக்கவும் மட்டுமே முடிந்தது. பக்கத்தில் இருப்பவர் எழுத்துக்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் இமைப்பார். இப்படி எழுத்தெழுத்தாக ஒரு முழுப் புத்தகத்தையே அவர் சொல்லி முடித்தார். 1997 பங்குனியில் அது வெளிவந்த சில நாட்களில், 9ஆம் திகதி, இறந்தார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு சிறு சம்பவம் வருகின்றது. ஒருமுறை அவர் தம் மூக்குக்கண்ணாடியைக் கேட்க விரும்பினார். பிரெஞ்சு மொழியில் அதற்கு 'லூனெத்' என்று பெயர். அச்சொல்லின் முற்பாகமாகிய 'லூன்' என்பது நிலாவைக் குறிக்கும். சொல் முடியும்வரை காத்திராத ஒருவர், நிலாவை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாராம்! போபி இதனை நகைச்சுவையாகவே எழுதியுள்ளார். நான் வாசித்தபோது சிரிக்க முடியவில்லை. என் காதில் "ளி... ளி..." என்ற ஒலியே கேட்டது.

போபியின் உடல் தேறவில்லை. அவர் முடிந்தும்விடவில்லை. இறுதிவரை எழுத்துக்கு எழுத்து காத்திருக்க ஒருவர் அவருக்கு இருந்தார். ஆகவே நாம் காத்திருப்பது நோயாளி எழுந்துவிடுவார் என்ற கணக்கில் அன்று. எழுந்தாலும் எழாவிட்டாலும், அவர் அங்கே இருக்கின்றார் என்பதற்காகவே காத்திருக்கின்றோம்.

நம் குடும்பங்களில் இந்நோய் வந்தால் இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு: "யார் செய்த பாவம்?" புனித யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் கண்ட சீடர் இதே கேள்வியைக் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவன் பெற்றோரும் செய்யவில்லை என்று ஆண்டவர் அக்கேள்வியையே தள்ளிவிட்டார். அதே அதிகாரத்தில் நாம் எளிதில் தாண்டிச் செல்லும் வேறோர் இடமும் உண்டு. விசாரணை செய்தவர்கள் மகனைப் பற்றிப் பெற்றோரிடம் வினவுகின்றனர். அவன் வயது வந்தவன், தன்னைப் பற்றித் தானே பேசுவான், அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர்கள் மறுமொழி கூறுகின்றனர். பயத்தினால் கூறினார்கள் என்று நற்செய்தியாளர் குறிப்பிடுகின்றார். ஆயினும் அந்தச் சொற்கள் நமக்கு ஒரு நல்ல சட்டம். நோயாளியின் வீட்டுக்குப் போய், "அவர் தேத்தண்ணிக்குச் சீனி போடுவாரோ?" என்று மனைவியைக் கேட்கின்றோமே, அங்கேயே இந்தச் சட்டத்தை மீறிவிடுகின்றோம். அவர் வயது வந்தவர். அவரிடமே கேளுங்கள். மறுமொழி வரும்வரை இருங்கள்.

சில நடைமுறைக் காரியங்களையும் சொல்லிவிடுகிறேன். முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கையை உயர்த்த முடியாமற் போனால், பேச்சுக் குழறினால், அவர் இளைஞரே என்று எண்ணித் தாமதியாதீர்கள். எண்ணெய் தடவிப் பார்ப்போம், விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொருத்தமானவர்களுக்குப் பொதுவாக முதல் நாலரை மணிநேரத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்குமுன் ஸ்கான் எடுத்துப் பார்த்தாகவும் வேண்டும். நமது நாட்டில் 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்துவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் பிரஷர் மருந்தையும் கிளினிக்கையும் விட்டுவிடாதீர்கள்.

பராமரிக்கும் மனைவிமாரையும் தாய்மாரையும் மறந்துவிடக் கூடாது. ஒரு சொல்லுக்குப் பத்து நிமிடம் காத்திரு என்று அவர்களுக்குப் போதிப்பது எளிது. சமையல், பிள்ளைகள், கடன், இரவு விழிப்பு எல்லாவற்றுக்கும் நடுவே அதைச் செய்வது எளிதன்று. அயலவர் நாம் ஒரு பின்னேரம் போய் நோயாளியோடு இருந்தால், அந்த மனைவி ஒரு மணிநேரம் உறங்கலாம். பழக்கூடையோடு வந்து பத்து நிமிடத்தில் எழும்பிப்போகும் பத்துப் பேரிலும், வெறுங்கையோடு வந்து ஒரு மணிநேரம் இருக்கும் ஒருவர் அந்த வீட்டுக்கு அதிகம் உதவுகின்றார்.

அந்தத் தச்சுத் தொழிலாளியின் ஆயுதங்களை வாங்கியவர் நல்ல மனிதர். விடயம் அறிந்ததும் சீவுளியையும் இரண்டு உளிகளையும் வாங்கிய விலைக்கே திருப்பிக் கொடுத்தார். வாள் வேறு கைக்குப் போய்விட்டது. இன்று அவர் ஊன்றுகோலோடு நடக்கின்றார். வலக்கை முழுமையாகத் திரும்பவில்லை. அதனைப் பலகைமேல் பாரமாக வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு இடக்கையால் சீவுகின்றார். முன்னர் அரைநாளில் முடித்த முக்காலிக்கு இப்போது ஒரு வாரம் செல்கின்றது. பேச்சில் சில சொற்கள் திரும்பியுள்ளன. சில நாட்களில் அவையும் வர மறுக்கும். மனைவி தையல் வேலை செய்து வீட்டைக் கொண்டு செல்கின்றார்.

அந்தப் பங்கை விட்டு மாற்றலாகு முன் ஒருநாள் அவரிடம் போனேன். அன்று செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல உதடு அசைந்தது. இம்முறை நான் வாய் திறக்கவில்லை. அவருடைய மகளும் என் பக்கத்தில் பேசாமல் நின்றாள். சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது.

"இ...ருங்கோ" என்றார்.

தம் முக்காலிகளில் ஒன்றை இடக்கையால் என் பக்கம் தள்ளினார். நான் இருந்தேன்.